நாலு பேர் என்போர் யாவர்? செவ்வாப்பேட்டை ரோடு ரயில் நிலையத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

தமிழ்க் குடும்பம் எடுக்கும் எந்தப் பெரிய முடிவிலும் நாலு பேரின் கை இருக்கிறது. மகள் எந்தக் கல்லூரியில் சேர்வது, மகனுக்கு எங்கே பெண் எடுப்பது, கிரகப்பிரவேசத்துக்கு எத்தனை பொரியல், துக்க வீட்டுக்கு எந்த நிறச் சட்டை என எல்லாமே அவர்களை உத்தேசித்துத்தான் தீர்மானமாகின்றன. வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. ரேஷன் கார்டில் இல்லை. மொய் நோட்டில்கூட இல்லை. ஆயினும் அவர்கள் என்ன சொல்வார்கள் என்ற கவலை இல்லாத வீடு இல்லை. ஒத்துப்போதல் என்னும் பண்பை ஆராய்ந்தோர் பலர். ஒத்துப்போக வைப்போரைத் தலையெண்ணிப் பார்த்தார் எவருமிலர். அக்குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை

சென்னை–அரக்கோணம் தடத்தில் வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் நடுவே அமைந்த செவ்வாப்பேட்டை ரோடு நிலையமும், அங்கே ரயிலேறுவோரின் வீடும் வேலையும் நமது களம். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இவ்வழியேதான் போயிற்று. ஆகவே, எல்லோரும் போகும் திசையில் தாமும் போவதில் இப்பகுதியாருக்குத் தென்னிந்தியாவிலேயே மூத்த அனுபவம் உண்டு என்க.

ஊர்ப்பெயரில் செவ்வாய் ஒலித்தாலும் இங்கே புதுமனை புகுவோர் செவ்வாய்க்கிழமையைத் தொடுவதில்லை. காரணம் கேட்டால் கிரக நிலையை விளக்குவோர் சிலரே. “எல்லாருமே பாக்கறதுதானே, நாம மட்டும் செஞ்சா நாலு பேரு என்னா நெனப்பாங்க?” என்பதே பெரும்பான்மை விடை.

முன்னோர் கொள்கைகள்

வள்ளுவர் 140-ஆவது குறளில் எவரோடு பொருந்தி நடக்கவேண்டும் என்பதற்கு ‘உலகத்தோடு’ என விடை தந்தார். ஔவையார் ஆத்திசூடியில் அதனை ஊராகக் குறைத்தார். நம் வீட்டு அம்மாக்கள் நாலு பேராக முடித்துவிட்டனர். உலகம் ஊராகி, ஊர் நாலு பேராக வற்றிய இவ்வரலாற்றுக்கு அறிஞர் உலகம் இதுவரை இரண்டு விளக்கங்களை வாய்மொழியாக முன்வைத்துள்ளது.

முதலாவது, பாடைக் கொள்கை. கடைசியில் தூக்கிப்போக நாலு பேர் தேவை, அவர்களைப் பகைத்துக்கொள்ளலாகாது, ஆகவே ஒத்துப்போக வேண்டும் என்பது இதன் சாரம். கேட்கத் திருத்தமாகத்தான் இருக்கிறது. ஆயின், இன்று அமரர் ஊர்தி வாசலுக்கே வருகிறது. தோள் கொடுக்கும் தூரம் வாசற்படியிலிருந்து வண்டி வரைதான். சுமை குறைந்த அளவுக்கு அச்சமும் குறைந்திருக்க வேண்டுமன்றோ? குறையவில்லை. எனவே இக்கொள்கை ஏற்புடைத்தன்று.

இரண்டாவது, உரைகாரர் கொள்கை. நாலு எழுத்து படி, நாலு காசு சேர், நாலு இடம் பார் என்றாற்போல ஈண்டு ‘நாலு’ என்பது எண்ணைக் குறியாது ‘சில’ என்பதைக் குறித்து நின்றது என்பர். அற்றேல், மூன்று பேர் என்றோ ஆறு பேர் என்றோ சொல்லாதது ஏன் என வினவினால் அவர்கள் அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுகின்றனர்.

இவையிரண்டும் தவிர, 1987-இல் வெளிவந்த ‘நாயகன்’ திரைப்படம் நாலு பேரின் நன்மையைக் கொண்டே ஒரு செயலின் சரி தவறை நிறுத்துப் பார்த்தது. அதே 1987-இல்தான் ஐ.எஸ்.ஓ. 9000 தரநெறிகளும் முதன்முதலாக வெளியாயின. சரி எது என்பதை அறிய உலகுக்கு ஒரே ஆண்டில் இரண்டு அளவுகோல்கள் கிடைத்தமை தற்செயல் எனத் தள்ளற்பாலதன்று.

ஒப்பீடு: தொழிற்சாலையும் தெருவும்

நம் களத்து மக்களில் பலர் காக்களூர் சிட்கோவுக்கும் அம்பத்தூருக்கும், கம்பெனி பஸ் கிடைத்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். பகலெல்லாம் ‘கன்ஃபர்மிட்டி’ என்ற சொல்லோடு புழங்குகிறவர்கள். அங்கே அதற்குத் தெளிவான பொருள் உண்டு. வரைபடத்தில் 25 மி.மீ. துளை என்று போட்டிருந்தால், எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். துளையைச் சரிபார்க்கும் கேஜின் ‘கோ’ முனை நுழைய வேண்டும். ‘நோ-கோ’ முனை நுழையக் கூடாது. தவறினால் என்.சி. (நான்-கன்ஃபர்மிட்டி) எழுதி, சிவப்புத் தொட்டியில் போட்டு, ரிவொர்க்கா ஸ்கிராப்பா என்று முடிவு செய்வார்கள். கேஜுக்கே வயது பார்த்து, அடுத்த காலிபரேஷன் எப்போது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள்.

அதே தொழிலாளி ஷிப்ட் முடிந்து வீடு திரும்பியதும் வேறோர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிறார். இங்கே அளக்கப்படும் பொருள் அவர் மகள். படிப்பை முடித்த கையோடு கல்யாணம் என்றால், “அதுக்குள்ளயா?” என்கிறது தெரு. இரண்டு வருடம் கழித்து, “இன்னுமா?” என்கிறது. இரண்டு கேள்விகளுக்கும் நடுவே ‘கோ’ முனை நுழைந்த நாள் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது எந்த நாள் என்று யாரும் அறிவித்ததில்லை. வரைபடம் கிடையாது, கூடுதல் குறைவுக்கு அளவு கிடையாது, கேஜ் மட்டும் தெருவில் ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். அதைக் கடைசியாகக் காலிபரேட் செய்தவர் யாரோ ஒரு பாட்டியார் எனத் தெரிகிறது. ஸ்டிக்கர் உதிர்ந்துவிட்டது.

தொழிற்சாலை அறிவியல், தெரு மூடத்தனம் என்று இங்கே முடிவு கட்டிவிடலாகாது. 2015-ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. 9000 பதிப்பு, ஒரு தேவை நிறைவேறுவதே கன்ஃபர்மிட்டி என்கிறது. தேவை யாதெனின், வெளிப்படையாகச் சொல்லப்பட்டதாக இருக்கலாம், கட்டாயமானதாக இருக்கலாம், அல்லது சொல்லாமலே பொதுவாகப் புரிந்துகொள்ளப்பட்டதாக இருக்கலாம் என்று விரிக்கிறது. சொல்லாமலே எப்படிப் புரியும் எனின், வழக்கத்தால் என்று குறிப்பும் தருகிறது. ஆக, ஜெனீவாவிலிருந்து இதனை வெளியிட்ட பெருமக்களும் நாலு பேருக்கு ஓரத்தில் ஓர் இடம் ஒதுக்கியே வைத்துள்ளனர் என்பது பெறப்படும்.

களத் தரவு: மூவர் இருக்கை

ஓரத்து இடம் என்றதும் களத்துக்குள் வந்துவிட்டோம். மின்சார ரயிலின் இருக்கை மூவருக்கானது. காலை வேளை. செவ்வாப்பேட்டையில் வண்டி நிற்கும்போது மூவர் ஏற்கெனவே அமர்ந்திருக்கின்றனர். டிபன் பையோடு ஏறியவர் எதிரே நின்று, “ணா, கொஞ்சம் நவுருங்க” என்கிறார்.

அடுத்த சில விநாடிகளில் நிகழ்வதை ஆய்வாளர் உற்று நோக்குதல் வேண்டும். ஜன்னலோரத்தவர் மடியிலிருந்த பையைத் தூக்கி, அதே இடத்தில் திரும்ப வைக்கிறார், உடம்பு அசைவதில்லை. இது ஒத்துப்போதல். நடுவிலுள்ளவர் இரு தோள்களையும் முன்னுக்குக் குவித்து அகலத்தைக் குறைத்துக்கொள்கிறார். இது அனுசரித்தல். மூன்றாமவர் உண்மையிலேயே உள்ளே நகர்கிறார். இது விட்டுக்கொடுத்தல். நான்காமவர் பாதி இருக்கையிலும் பாதி அந்தரத்திலுமாக உட்கார்ந்து, ஒரு காலை நடைபாதையில் ஊன்றிக்கொள்கிறார். இது அடங்கிப்போதல். ஒரே பொருள் தரும் சொற்கள் என்று அகராதிகள் ஒரே வரியில் அடுக்கும் நான்கு சொற்களும் ஒரே இருக்கையில் வெவ்வேறு அகலத்தோடு உட்கார்ந்திருப்பதை அறிக.

தலையாய தரவு இனித்தான். திருநின்றவூரில் கூட்டம் ஏறுகிறது. ஒருவர் இவ்விருக்கையை நோக்கி வருகிறார். அவர் வாய் திறக்கும் முன்பே, “எடமில்லங்க, நாலு பேர் உக்காந்துருக்கோம்” என்ற குரல் கேட்கிறது. குரலுக்குரியவர் ஜன்னலோரத்தவர் அல்லர். இரண்டு நிலையங்களுக்கு முன் அந்தரத்தில் குடியேறிய நான்காமவர்.

கோட்பாட்டு உறுதிப்பாடு

சாலமன் ஆஷ் என்னும் உளவியலார் 1950-களில் அமெரிக்காவில் நிகழ்த்திய கோட்டுச் சோதனை இங்கே நோக்கத்தக்கது. ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் அதற்குச் சமமானது எது என்று கேட்டார். தனியாகக் கேட்டபோது தவறு நூற்றுக்கு ஒன்றுகூட வரவில்லை. பிறகு, வேண்டுமென்றே தவறாகச் சொல்லும் ஆட்களை முன்னேற்பாடாக உடன் அமர்த்தினார். எதிரே ஒருவர் மட்டும் மாற்றிச் சொன்னபோது தவறு 3.6 சதவீதம். இருவர் சொன்னபோது 13.6. மூவர் சொன்னபோது 31.8. அதற்கு மேல் பதினைந்து பேர் வரை கூட்டிப் பார்த்தும் பெரிய மாற்றமில்லை.

மூவரே போதும் என்பது ஆஷின் முடிபு. அஃதேல், தமிழர் நாலு என்றது பிழையோ எனின், பிழையன்று. மூவர் சொல்கின்றனர், கேட்டவர் இணங்கி அவர்களோடு சேர்ந்துகொள்கிறார், எண்ணிக்கை நாலாகிறது. ஆஷ் சோதனைக்குள்ளான மனிதரை எண்ணாமல் விட்டார். தமிழர் அவரையும் சேர்த்து எண்ணினர். ஆய்வு முறையில் எது நிறைவானது என்பது வெளிப்படை.

எதிர்ச்சான்று

சென்ட்ரல் போகும் வண்டி பேசின் பிரிட்ஜைத் தாண்டியதும் பெட்டியே எழுந்து நிற்கும். சென்ட்ரல்தான் கடைசி நிலையம். எழாதவரை ரயில் ஆவடிக்குத் திரும்பக் கூட்டிப்போகப் போவதில்லை. ஆயினும் ஒருவர் எழ, இருவர் எழ, மூன்றாமவர் எழுந்ததும் ஏனையோர் தாமாகவே எழுகின்றனர். அந்த நேரம் பார்த்து சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றுவிடும். காலியான இருக்கைகளுக்கு நடுவே, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி, கூட்டம் நின்றே இருக்கும். திரும்ப உட்கார ஆசை இல்லாமலில்லை. முதலில் உட்கார்ந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

இங்கே ஆஷின் இன்னொரு கண்டுபிடிப்பும் உதவுகிறது. சோதனைக்குள்ளானவரோடு சரியாகச் சொல்லும் ஒரே ஒரு துணையைச் சேர்த்தபோது, கூட்டத்துக்கு இணங்கிச் செய்த தவறுகள் கால் பங்காகச் சரிந்தன. பெட்டியிலும் அப்படியே. கால்வலிக்கார அம்மா ஒருவர், “நிக்கட்டும்மா, எனக்கென்ன” என்று உட்கார்ந்துவிட்டால், அடுத்த கணம் பக்கத்தில் இன்னொருவர் உட்காருகிறார். மூன்றாமவரும் உட்கார்ந்துவிட்டால், நிற்பவர்கள் சங்கடப்படத் தொடங்குகிறார்கள்.

முடிவுகள்

1. நாலு பேர் என்போர் நிலையான குழுவினர் அல்லர். மூவரும், அவர்களுக்குக் கடைசியாக இணங்கியவரும் சேர்ந்து அவ்வப்போது அமையும் தற்காலிகக் குழு.

2. (நாலு பேர் கேட்டுக்கொண்டதற்கிணங்க நீக்கப்பட்டது.)

3. நால்வருள் மிகக் கடுமையானவர் நான்காமவரே. இடம் கிடைத்து இரண்டு நிலையங்கள்தான் ஆகின்றன என்பது அதற்குக் காரணமாகலாம்.

4. நாலு பேரை எதிர்க்க வீரர் எவரும் தேவையில்லை. முதலில் உட்காரும் ஒருவரும், அவர் பக்கத்தில் உட்காரும் இன்னொருவரும் போதும். இவ்விருவருள் துணிச்சல் வேண்டியது முதலாமவருக்கு. பயன் விளைவிப்பவர் இரண்டாமவர். செவ்வாய்க்கிழமையில் குடிபுகும் முதல் வீட்டுக்காரரைக் காட்டிலும், அவர் வீட்டில் அன்று கைநனைக்கப் போகும் பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டறிவதே மேலாய்வு செய்வோரின் முதற்கடன்.