துபாயில் முதலாளி ஆவது

துபாயில் கம்பெனி தொடங்கப் போகிறவரிடம் ஏஜென்ட் முதலில் கேட்பது என்ன தொழில் என்றல்ல, 'மெயின்லேண்டா, ஃப்ரீ ஸோனா?' என்றுதான்.

1985-ல் ஜெபல் அலியில் தொடங்கிய ஃப்ரீ ஸோன்கள் எனும் தனி விதிகள் கொண்ட தொழில் மண்டலங்கள் அமீரகத்தில் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டன. கம்பெனி முழுவதும் உங்களுக்கே சொந்தம் என்பதுதான் அவற்றின் பழைய கவர்ச்சி. அவற்றுக்கு வெளியே உள்ள மெயின்லேண்டிலோ 51 சதவீதத்தை உள்ளூர்க்காரர் பெயரில் எழுதியாக வேண்டியிருந்தது. 2021-ல் பெரும்பாலான தொழில்களுக்கு அந்த விதி போயே போய்விட்டது. சில ஏஜென்ட்டுகள் மட்டும் இன்னும் பழைய பாட்டையே பாடுகிறார்கள்.

அடுத்து லைசென்ஸின் வகை. மலிவாகக் கிடைக்கிறதே என்று கன்சல்டன்சி லைசென்ஸ் எடுத்தவர், மிளகு வியாபாரம் எப்படிச் செய்வது என்று நாள் முழுக்க ஆலோசனை சொல்லலாம். ஒரு மூட்டை மிளகை விற்க முடியாது. எதற்கு வம்பு என்று 'ஜெனரல் டிரேடிங்' எடுப்பவர் கூடுதலாகக் கட்டுகிறார். எல்லாவற்றையும் விற்கலாம் என்பது அவர் நம்பிக்கை. மருந்து என்றதும் தனி அனுமதி கேட்பார்கள்.

விளம்பரத்தில் லைசென்ஸ் கட்டணம் கொட்டை எழுத்தில் இருக்கும். விசா, மருத்துவப் பரிசோதனை, வருடாவருடம் புதுப்பிப்பு எல்லாம் பொடி எழுத்தில். அந்தக் கட்டணத்தில் கிடைக்கும் அலுவலகம் பெரும்பாலும் பலர் மாறி மாறி உட்காரும் ஒரு மேசை. எத்தனை விசா என்பதும் அந்த மேசையைப் பொறுத்ததே.

2023 முதல் 3,75,000 திர்ஹத்துக்கு மேலான லாபத்துக்கு 9 சதவீத வரியும் உண்டு. லாபம் வரட்டும், பார்க்கலாம். அதற்கு முன் வங்கிக் கணக்குத் திறக்க வேண்டுமே!