சிரிப்புக்கு விலை இல்லை

தீபாவளி முற்பணம் கைக்கு வந்த கிழமை. எல்கடுவை, பன்விலைப் பக்கத்துத் தோட்டச் சனம் வத்தேகம டவுனில் இறங்குகிறது. புடவைக்கடை வாசலில் நிற்கும் தம்பி விலையைச் சொல்லமாட்டார். "வாங்கக்கா! போன வருசம் எடுத்த சாரி இன்னும் கிழியலையா? அப்ப எங்க பொழப்பு என்னாவுறது?" என்பார். அக்கா சிரித்துவிடுகிறாள். சிரித்தபடி படியேறியவள் வெறுங்கையோடு இறங்கக் கூச்சப்படுவாள் என்பது தம்பிக்குத் தெரியும்.

அவர் கேலி செய்தது கடையை. வந்தவளின் பணப்பையை அல்ல. கெட்டிக்காரத்தனம் அங்கேதான். அடுத்து வரும் நோனாவுக்கு அதே பகிடி சிங்களத்தில், குரல் கொஞ்சம் தணிந்து. இதையே கொழும்பு ஹோட்டலில் கோட்டுப் போட்ட ஒருவர் திரையில் படம் காட்டி நாள் முழுக்கப் படிப்பிக்கிறார், ஒரு தடவைகூடச் சிரிக்காமல்.

ஆனால் விலையைக் குறைக்கச் சொன்னதும் தம்பிக்குக் காது அடைத்துவிடும். 2024 செப்டம்பரில் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தச் சம்பளத்தில் நாலாயிரம் ரூபாய்ச் சாரி என்றால் ஏறக்குறைய மூன்று நாள் கொழுந்து. அக்காவும் லேசுப்பட்டவளல்ல: "பகிடிய நீயே வச்சுக்க தம்பி, முன்னூறக் கொற."

நன்றாகச் சிரியுங்கள், பில்லையும் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும்.