முதலாண்டிலேயே கதவைத் தட்டுங்கள்

நம் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிக்கும் கல்யாணத்துக்கும் ஒரே விதிதான்: முதலில் படிப்பை முடி, அப்புறம் பார்க்கலாம். மூன்றாண்டுகள் பிறர் கேட்ட கேள்விக்கே விடை எழுதிய மாணவரிடம், இறுதியாண்டுத் திட்டம் வந்ததும் "சொந்தமாக ஒரு கேள்வி கொண்டு வா" என்கிறார்கள். அதுவரை வகுப்பில் கேள்வி கேட்டவருக்கு அதிகப்பிரசங்கி என்றல்லவா பெயர்! கேள்விகளுக்கா இங்கே பஞ்சம்? மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001இல் பேராக்கிலிருந்து நிபோங் திபாலுக்கு வந்தது. சுற்றுவட்டாரத்தில் செம்பனைத் தோட்டம், நெல்வயல், கிரியான் ஆறு. செம்பனை ஆலைச் சாம்பலைச் சிமெண்டில் கலந்தால் கான்கிரீட் தாங்குமா, ஆலைக் கழிவுநீரை எப்படிச் சுத்திகரிப்பது என்று கேள்விகள் வேலிக்கு வெளியே காத்திருக்கின்றன. மாணவர் மட்டும் நான்காம் ஆண்டுக்காகக் காத்திருப்பானேன்? முதலாண்டிலேயே அவரை ஒரு வழிகாட்டியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது என் கட்சி.

"முதலாண்டுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்பார்கள். ஒன்றும் தெரியாது, வழிகாட்டி தேவைப்படுவதே அதனால்தான். 1928இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சந்திரசேகர், அங்கு வந்த ஜெர்மன் அறிஞர் சோமர்ஃபெல்டைத் தேடிப் போனார். அவருடைய நூலைக் கரைத்துக் குடித்திருந்த பையனுக்குக் கிடைத்த பதில், அந்த இயற்பியல் பழையதாகிவிட்டது என்பது. நம்மூரில் பாடநூலைப் பற்றி இப்படிச் சொன்னால் பெற்றோர் புகார்க் கடிதத்தோடு வந்துவிடுவார்கள். சோமர்ஃபெல்ட் அச்சேறாத தன் புதிய கட்டுரையையும் கையில் கொடுத்தார். மறுஆண்டே சந்திரசேகரின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. 1983இல் நோபெல் பரிசும் வந்தது. விடையைச் சொல்லித் தருவது டியூஷன். தெரிந்தது எங்கே முடிகிறது என்று காட்டுவதே வழிகாட்டியின் வேலை.

"அவர் மேதை, நம் பிள்ளைகள் அப்படியா?" என்றால், மேதைக்கே ஆள் தேவைப்பட்டபோது மற்றவர்களுக்கு இன்னும் அதிகம் தேவை என்றுதான் கணக்கு வருகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மார்கரெட் மக்விகார் 1969இல் தொடங்கிய இளநிலை ஆய்வுத் திட்டம் மேதைகளை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை; இன்று அங்குள்ள பெரும்பாலான மாணவர்கள் படிப்பு முடிவதற்குள் அதில் சேர்ந்துவிடுகிறார்கள். விரிவுரையாளருக்கு நேரமில்லை என்பது நியாயமான வாதம். அதற்கு வழி, வழிகாட்டும் நேரத்தையும் கற்பிக்கும் நேரமாகக் கணக்கில் சேர்ப்பது. குடுவை கழுவவும் நகலெடுக்கவும் விட்டுவிடுவார்களே என்ற அச்சமும் பொய்யல்ல. அழுக்குக் குடுவை பொய்யான முடிவைத் தரும் என்பதால் கழுவுவதும் பாடம்தான். ஆனால் ஒரு பருவம் முழுவதும் அதே பாடம் என்றால் அதற்குப் பெயர் கூலியில்லா வேலை. மாணவருக்கென்று சிறியதாகவேனும் ஒரு கேள்வி இருக்க வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தயங்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் விரிவுரையாளர் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து, புரியாத இடத்தைக் குறித்துக்கொண்டு அவர் கதவைத் தட்டுங்கள். தன் கட்டுரையை ஒருவர் படித்திருக்கிறார் என்ற அதிர்ச்சியிலேயே பாதிப் பேர் உங்களைச் சேர்த்துக்கொள்வார்கள்.