ஒரே அழுத்தில் எல்லா ஸ்விட்சும்

2006 வாக்கில் சர்வர்க்காரர்கள் புதிதாக ஒரு நெட்வொர்க் கேட்டால், எங்களுக்கு அன்று சிவராத்திரி. லேப்டாப், நீலக் கன்சோல் கேபிள், டேட்டா சென்டர் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர். சென்னை மே மாதத்தில் ஸ்வெட்டரும் கையுமாகப் பஸ் ஏறுகிறவனைக் கண்டக்டர் இரண்டு தரம் பார்ப்பார். உள்ளே போய் ரேக் ரேக்காக, ஒவ்வொரு ஸ்விட்சிலும் அந்த நெட்வொர்க்கின் வி-லேன் எண்ணைத் தட்ட வேண்டும். ஸ்விட்சுகளை இணைக்கும் டிரங்க் போர்ட்டில் 'ஆட்' என்ற சொல்லை விட்டால் புதியது பழையவற்றோடு சேராது. பழையவை அத்தனையும் போய், புதியது மட்டும் நிற்கும். சாமி கும்பிடாதவர்கள்கூட அந்த வரியில் என்டர் தட்டுமுன் கண்ணை மூடுவார்கள்.

எண்ணுக்கும் பஞ்சம். 12 பிட்டில் 4,094 வி-லேன்தான். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே கூரையின் கீழ் வைக்கும் கிளவுட் கம்பெனிகளுக்கு அது எந்த மூலைக்கு? 2014இல் ஆர்எஃப்சி 7348 ஆக வெளிவந்த விஎக்ஸ்லேன் 24 பிட் எண் தந்தது: 1.6 கோடிக்கு மேல். ஓரத்து ஸ்விட்ச், சர்வரின் ஈதர்நெட் ஃபிரேமை யூடிபி பாக்கெட்டுக்குள் வைத்து 4789 போர்ட்டுக்கு அனுப்பும். மறுமுனை ஸ்விட்ச் பிரித்துக் கொடுக்கும். நடுவில் உள்ளவை ஐபி முகவரி பார்த்துக் கடத்தினால் போதும். எல்லாவற்றுக்கும் உத்தரவு போட ஒரு கன்ட்ரோலர்.

இப்போது நான் நாற்காலியை விட்டு எழுவதில்லை. திரையில் பெயர் எழுதி, ரேக்கைத் தேர்ந்து, பட்டனை அழுத்தினால் ஒரு நிமிடத்தில் எல்லா ஸ்விட்சிலும் நெட்வொர்க் தயார். அந்த ஒரு நிமிடத்துக்கு அனுமதி வாங்கத்தான் ஒரு வாரம்: டிக்கெட், கமிட்டி, 'ரோல்பேக் பிளான் எங்கே?' அன்று ராத்திரி முழுக்க வேலை. அனுமதி, "பாத்துப் பண்ணுப்பா" என்ற ஒரே போன்.

சௌகரியத்தோடு புது வியாதியும் வந்தது. விஎக்ஸ்லேன் தலைப்புகளுக்கு 50 பைட் கூடுதலாக இடம் வேண்டும். நடுவழியில் ஒரு ஸ்விட்சில் எம்டியு, அதாவது கடத்தக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு, 1500 ஆகவே இருந்துவிட்டால் பிங் போகும், லாகின் பக்கம் எட்டிப்பார்க்கும், பெரிய ஃபைல் மட்டும் நகராது. "கன்ட்ரோலர்ல எல்லாம் பச்சையாத்தான் சார் இருக்கு" என்பான் புதிதாகச் சேர்ந்த பையன். பொய்யில்லை. கன்ட்ரோலருக்குத் தெரிந்தவரை பச்சைதான்.

அன்று தூக்கக்கலக்கத்தில் தப்பாகத் தட்டினால் பெரும்பாலும் ஒரு ரேக்கோடு போகும்; அடுத்த ரேக்குக்கு நடப்பதற்குள் போன் வந்துவிடும். இன்று தப்பும் ஒரு நிமிடத்தில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை, உலகெங்குமுள்ள அதன் டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கையே துண்டித்தது. அது விஎக்ஸ்லேன் விவகாரமல்ல. ஓரிடத்திலிருந்து ஊரையெல்லாம் ஆளும் விவகாரம். தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய கருவியிலேயே பிழை. தூரத்திலிருந்து நுழையும் வழக்கமான வழி, மாற்று வழி இரண்டும் அடைபட, கடைசியில் ஆட்களை நேரில் அனுப்பினார்கள். வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் படுத்திருந்தன.

கன்ட்ரோலர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ரேக் ரேக்காகத் தட்டிய எவனும் சொல்ல மாட்டான். ஆனால் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும் கமிட்டி, இரண்டு கேள்வியாவது உருப்படியாகக் கேட்கட்டும். வழியிலுள்ள எல்லா ஸ்விட்சிலும் எம்டியு பார்த்தாயிற்றா? கன்ட்ரோலரும் நெட்வொர்க்கும் சேர்ந்து படுத்தால் உள்ளே நுழைய வேறு வழி உண்டா, அதைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?