கேள்வி நமது, சுருதி உங்களது

பாந்த்ரா அலி யாவர் ஜங் நிறுவனத்தில் பேச்சு சிகிச்சை படிக்கும் என் மகள், செம்பூரில் பாட்டு கிளாஸும் போக வேண்டும் என்கிறாள். பேச்சுக்குப் படிப்பவளுக்குப் பாட்டு எதற்கு?
*– வாசகி, தேவ்நார்*

அவள்பாட்டுக்குப் படிக்கட்டும், விடுங்கள்!

நோயாளியிடம் 'அடிவயிற்றிலிருந்து மூச்சு எடுங்க' என்று சொல்லப் போகிறவள் அதைத் தானே செய்து பார்க்க, சரளி வரிசையைவிட நல்ல இடம் ஏது? இன்னொன்று: பக்கவாதத்தில் மூளையின் இடப்பக்கம் அடிபட்டு, 'தண்ணி' என்று கேட்கக்கூட வாய் வராத சிலர், பழைய பாட்டைச் சொல் பிசகாமல் பாடுவார்கள். 1973-இல் பாஸ்டன் நிபுணர்கள் இதையே சிகிச்சையாக்கினார்கள். மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம். அதில் வாக்கியத்தை இழுத்துச் சொல்லி, நோயாளியின் இடது கையால் தாளம் தட்ட வைப்பது. சொல்லிக் கொடுப்பவருக்கே சுருதி சேராவிட்டால், பாவம், நோயாளி எதைப் பிடித்துக்கொண்டு வருவார்?

திக்குவாய்க்காரர்கள்கூடப் பாடும்போது பெரும்பாலும் திக்குவதில்லையே. எல்லாவற்றையும் பாடியே கேட்டுவிட்டால்?
*– அதே வாசகி*

கேட்கலாம். தேவ்நார் டெப்போவில் 'செம்பூருக்கு ஒரு டிக்கெட்' என்று தோடியில் ஆரம்பித்தால், ஆலாபனை முடிவதற்குள் செம்பூர் போயே போய்விடும்!