தராசும் தாளிப்பும்

கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் பிரதான ஸ்தானம் தராசுக்குத்தான். பித்தளை அண்டா வாங்க வந்தவர், அது நம் வீட்டுக் கோட்டையடுப்பில் உட்காருமா, அதன் வளையங்கள் இரண்டு ஆள் தூக்கத் தாங்குமா, கவிழ்த்துப் போட்டுப் புளியிட்டுத் தேய்க்க வீட்டில் எவருக்கேனும் திராணி உண்டா என்பன போன்ற அற்ப விஷயங்களில் புத்தியைச் செலுத்தாமல், கிலோ என்ன விலை என்ற ஒரே கேள்வியில் ஆரம்பித்து, செய்கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதில் முடித்து, ஒரு காலைப்பொழுதைப் பரம திருப்தியுடன் கழித்துவிடுவார். அரிசி வாங்கினால் நாலு மணியை வாயில் போட்டு மென்று பார்க்கிற ஜில்லாக்காரர்கள் நாங்கள். பாத்திரம் வாங்கும்போது மட்டும் சமையலைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை.

இதற்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தது. நெல்லை நம்பிய குடித்தனங்களில் ரொக்கம் என்பது தை மாதத்தில் வந்து தலைகாட்டிவிட்டுப் போகிற விருந்தாளி. சம்பா அறுவடையாகி, கடன்காரர்களுக்கு அளந்துபோக மிஞ்சியதை அண்டாவாகவும் தவலையாகவும் அடுக்காகவும் மாற்றிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். பிறகு குதிரில் நெல் அடியைத் தொடும் ஐப்பசி கார்த்திகையில், அவற்றுள் ஒன்று கோணிச் சாக்குக்குள் புகுந்து, விளக்கு வைத்தபின், வாசல் வழியாக அல்லாமல் கொல்லை வழியாக, அடகுக் கடைக்கு யாத்திரை புறப்படும். மறு தையில் மேளதாளம் இல்லாத குறையாகத் திரும்பி வரும். எங்கள் வீட்டுப் பெரிய அண்டா அடுப்பைக் கண்ட நாட்களைக் காட்டிலும் அடகுக் கடையைக் கண்ட நாட்களே அதிகம். அதில் என்ன சமைக்கலாம் என்று யாரும் கேட்காததில் ஆச்சரியமில்லை. எத்தனை வீசை என்று மட்டுமே கேட்டார்கள். நாற்பது பலம் கொண்ட வீசை, ஏறக்குறைய 1.4 கிலோ. 1956-ஆம் வருஷத்துச் சட்டம் மெட்ரிக் எடைகளைக் கொண்டுவந்து வீசையை விரட்டியபோது, எங்கள் பாட்டி தன் பாத்திரங்கள் எல்லாம் ஒரே இரவில் பருத்துவிட்டனவோ என்று சந்தேகித்து, ஒன்றை மறுபடி நிறுத்துப் பார்த்தபிறகுதான் சமாதானமானாள்.

பாத்திரத்தில் பெயர் வெட்டும் சம்பிரதாயமும் இந்தச் சொத்துரிமை விவகாரத்தைச் சேர்ந்ததே. கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர் சிறு உளியை விளிம்பில் வைத்துச் சுத்தியால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போக, புள்ளி புள்ளியாக எழுத்து எழும். நான் தினமும் தண்ணீர் குடிக்கும் சொம்பில் ‘மு. ரா.’ என்று வெட்டியிருக்கிறது. எங்கள் குலத்தில் அப்படி ஒருவர் அவதரித்ததாகத் தகவல் இல்லை. ஏதோ ஒரு கல்யாணத்தில் எங்கள் சொம்பு அவர்கள் வீட்டுக்குப் போய், அவர்கள் சொம்பு எங்களிடம் வந்திருக்க வேண்டும். போனது வந்ததைவிட எடை கூடுதல் என்பது பாட்டி கடைசிவரை வாபஸ் வாங்காத வழக்கு.

வெண்கலப் பானைக்கு மட்டும் கொஞ்சம் விசேஷ பரிசோதனை உண்டு. செம்பு முக்கால் பங்குக்கு மேலும் வெள்ளீயம் மிச்சமுமாக உருக்கி வார்த்த அந்த உலோகம், கையிலிருந்து நழுவினால் நசுங்காமல் விரிசல் விட்டுவிடும். ஆகையால் விரலால் சுண்டி, காதைச் சாய்த்து, நாதம் நீண்டு ஒலிக்கிறதா, சட்டென்று அடைத்துப்போகிறதா என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். தியாகராஜரும் சியாமா சாஸ்திரியும் வாழ்ந்த சீமையாயிற்றே, பானைக்குக்கூடச் சுருதி பார்க்காவிட்டால் எப்படி? சுருதி சரியாக இருந்தால், அப்புறம் தராசு.

சமைப்பவர் வாங்குவதில்லை, வாங்குபவர் சமைப்பதில்லை என்ற இந்த ஏற்பாட்டை ஒரே ஒரு முறை பெண்கள் கவிழ்த்தார்கள். பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும். அதைத் தடுக்க ஈயம் பூச வேண்டும். தெருவோரத்தில் துருத்தி வைத்துக் கரி மூட்டி, காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரம் தூவி, கண் எரியும் புகைக்கு நடுவே ஈயக் குச்சியைத் தொட்டு, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றி, உட்புறத்தை வெள்ளியாக்கித் தரும் மனிதர் எப்போது வருவார் என்று காத்திருக்க வேண்டும். எவர்சில்வர் வந்ததும், பெட்டியில் கிடந்த ஜரிகைப் புடவைகளைத் தெருவில் வந்த வியாபாரியிடம் போட்டுவிட்டு, டபராவும் தம்ளரும் சம்புடமுமாக வாங்கி அடுக்கிக்கொண்டார்கள். புருஷர்கள் இது எடையில் நிற்காத உலோகம் என்று முணுமுணுத்தார்கள். அடகுக் கடையில் எவர்சில்வருக்கு மதிப்பில்லை என்பதைப் போல ஒரு பெரிய குறை அவர்களுக்கு வேறு என்ன இருக்க முடியும்?

நல்ல வேளையாக, புருஷர்களைக் காப்பாற்ற மின்சாரம் வந்தது. கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் 1955-இல் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டினார். பம்பாயில் மாத்தூர் என்ற எஞ்சினியர், தம் மனைவியின் சீமை மிக்சி நம் நாட்டு அரைப்புக்கு ஈடுகொடுக்காமல் கருகியதைக் கண்டு, 1963-இல் ‘சுமீத்’தைப் படைத்தார். இரண்டுமே பெண்களின் தோள்பட்டைக்கு விமோசனம் அளித்தவை; அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவற்றை வாங்கக் கிளம்பியவர்களுக்கு வீசைக்குப் பதிலாக லிட்டரும் வாட்டும் கிடைத்தன. தேங்காய்ச் சட்டினி வழவழவென்று இருக்க வேண்டுமா, கொரகொரவென்று இருக்க வேண்டுமா என்று தெரியாதவர்கள், 500 வாட் போதாது, 750 வேண்டும் என்று அடித்துப் பேசினார்கள். 2011-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வழங்கியபோது, விலையே இல்லாத பொருளுக்கும் எத்தனை வாட் என்று விசாரித்தவர்களை நான் அறிவேன். அத்தனை வாட்டும் ஓய்ந்த பிற்பாடு வாசலில் வரும் பழைய இரும்புக்காரர், மோட்டாரின் பூர்வோத்தரத்தைக் கேட்பதே இல்லை. தொங்கு தராசின் கொக்கியில் அதை மாட்டுகிறார். ஒரு காலத்தில் பேரீச்சம்பழமாவது கிடைத்தது.

இப்போது பட்டணத்துப் பிள்ளைகளுக்குப் பழமையில் மோகம் பிறந்திருக்கிறது. பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் தமக்கை மகன், சென்ற விடுமுறையில் வந்தபோது, ஈயச் சொம்பில் வைத்த ரசத்துக்கு இணையில்லை என்று எங்கோ கேள்விப்பட்டு, கும்பகோணத்தில் பல ஆயிரம் ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்தான். கலப்பில்லாத வெள்ளீயம் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம்; எடைச் சீட்டும் கையில் இருந்தது. வெள்ளீயம் 232 டிகிரி உஷ்ணத்தில் உருகிவிடும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை பயமில்லை, இல்லாவிட்டால் அடுப்பு அதைச் சும்மா விடாது. சீட்டில் இந்த விஷயம் இல்லை. வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, புளியை எடுக்கப் போனவன் கைபேசி ஒலிக்கவே திண்ணைக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினான். சொம்பின் கழுத்து மட்டும் ஒருபுறம் சாய்ந்து கிடக்க, மீதி, அடுப்பு மேடையில் பளபளவென்று ஓடி உறைந்திருந்தது.

எங்கள் அத்தை வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல், தோசைத் திருப்பியால் ஈயத்தைச் சுரண்டி எடுத்து, கழுத்தையும் சேர்த்துப் பழந்துணியில் முடிந்து அவனிடம் நீட்டினாள்.

“எடை குறைஞ்சிருக்காதுடா. கடையிலேயே கொண்டுபோய்க் கொடு, செய்கூலியை வாங்கிண்டு வேற தட்டித் தருவான்.”