பிறந்த தேதியின் மகிமை

அகதிகளின் நிலையை வரையறுக்கும் 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாததால், 1983-க்குப் பின் படகேறித் தமிழகக் கரைக்கு வந்த ஈழத்தமிழர், சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் 'சட்டவிரோதக் குடியேறிகள்', அதாவது உரிய பயண ஆவணமின்றி நுழைந்தவர்கள். எறிகணைக்கு நடுவே விசாவுக்கு விண்ணப்பிக்கத் தவறிய இக்குற்றமே குடியுரிமை மனுவுக்கும் முட்டுக்கட்டையாகிறது. இத்தகையோருக்குத் துணைநிற்க 1984-இல் சந்திரகாசன் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், கல்வி, மருத்துவத்தோடு பிறப்புச் சான்றிதழ் பெற்றுத்தருவதையும் பணியாகக் கொண்டது எத்துணை முன்யோசனை என்பது பின்னரே விளங்கியது.

1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எவராயினும், பிறப்பாலேயே குடிமக்கள் என்கிறது குடியுரிமைச் சட்டம். ஆயினும் 1986-இல் மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்த பெண்ணொருவர் கடவுச்சீட்டு கேட்டபோது மறுக்கப்பட்டது. 2022-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சட்டத்தைச் சட்டப்படியே வாசித்துக்காட்டிய பின்னர்தான் அவர் பிறந்த செய்தி அலுவலகத்தை எட்டியது. முதல் வாக்கை அவர் 2024-இல் செலுத்தினார். இத்தனைக்கும் அவருடையது எளிய வழக்கு. அதே முகாமில், அதே கூரையின் கீழ், 1987 ஜூலை 1-க்குச் சில நாட்கள் பிந்திப் பிறந்த குழந்தைக்கோ பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருந்தாக வேண்டும். பிரசவத்தைச் சற்று முன்தள்ளியிருக்கலாமே என்று தாய்க்கு அறிவுரை கூறும் சுற்றறிக்கைதான் இன்னும் வரவில்லை.